உறுமும் நாய்க்கு எங்கே வலிக்கிறது?

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் அவள் மீது பாய்ந்து தலையைக் கடித்துக் குதறின. கழுத்தில் சங்கிலி இல்லை, வாயில் மூடியும் இல்லை. மகளைக் காப்பாற்ற ஓடிவந்த தாயும் கடிபட்டார். சிறுமிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நாய்களின் உரிமையாளர் கைதானார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டை. தெருவில் நின்றிருந்தவர் மீது ஒரு பிட்புல் பாய்ந்தது. தடுக்கப்போன உரிமையாளரையும் அது விடவில்லை. அவர் காயங்களோடு பிழைத்தார். தாக்கப்பட்ட மனிதர் இறந்துபோனார்.

இரண்டு சம்பவத்துக்குப் பிறகும் ஊர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அது என்ன ஜாதி நாய்? தொலைக்காட்சி விவாதங்கள் அதைச் சுற்றியே நடந்தன. அரசு உத்தரவுகளும் அதையொட்டியே வந்தன. பூங்காச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 2024 மார்ச் 12 அன்று, 23 நாய் இனங்களை விற்கவும் வளர்க்கவும் தடை கோரி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனி புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது.

பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிது. நாற்பது கிலோ எடையுள்ள நாயைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவர் அதை வளர்க்கக் கூடாது. அந்த அளவில் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் அரசுப் பட்டியலில் இல்லாத எத்தனையோ நாய்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இன்று கடித்துக்கொண்டிருக்கின்றன. பாமரேனியன், லாப்ரடார், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் என்று எல்லாமே அதில் உண்டு. கடிபடுபவர் பெரும்பாலும் அந்த வீட்டுக் குழந்தை, பாட்டி, வேலைக்கு வரும் அக்கா. இவை காவல் நிலையம் வரை போவதில்லை, செய்தியாவதும் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு ஜாதிப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. நேற்று வரை மடியில் படுத்திருந்த நாய் இன்று ஏன் பல்லைக் காட்டுகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனம் சொல்வது கொஞ்சம்தான்

2022இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்விகள் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம் மட்டுமே என்பது அதன் முடிவு. எளிதில் சீண்டப்படும் தன்மையைப் பொறுத்தவரை இனத்தைப் பார்த்துக் கணிப்பது ஏறக்குறைய வீண் என்றும் அது சொன்னது.

இதற்கு நடைமுறைச் சாட்சி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 2007இல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக், வர்ஜீனியாவில் நாய்ச் சண்டை நடத்தியதற்காகப் பிடிபட்டார். அவரது பண்ணையிலிருந்து மீட்ட பிட்புல்களைக் கொன்றுவிடுவதே நல்லது என்று விலங்கு நல அமைப்புகளில் சிலவே கருத்துச் சொன்னபோது, நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க ஏற்பாடு செய்தது. 49 நாய்களைச் சோதித்ததில், மூர்க்கம் காரணமாகக் காப்பாற்றவே முடியாது என்று ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. ஆபத்தானவை எனக் கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்குப் போயின. மற்றவை வேறு காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின. சண்டைக்கென்றே வளர்த்த நாய்களின் நிலையே இதுவென்றால், நம் வீட்டு நாயின் கடிக்கு அதன் பிறப்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? நாய் நடத்தை மருத்துவம் படித்தவர்கள் முதலில் கேட்பது இனத்தை அல்ல. "எப்போதிலிருந்து இப்படி?" என்பார்கள். அடுத்து, "எங்கே தொட்டால் கோபப்படுகிறது?"

காதில் புண், இடுப்பில் தேய்மானம்

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் மில்ஸும் சக மருத்துவர்களும் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு உடலில் எங்கோ வலி இருக்கிறது என்றும், சில மருத்துவர்களின் கணக்கில் இது 80 சதவீதம் வரை போகிறது என்றும் அதில் எழுதினார்கள். 'குணம் கெட்டுவிட்டது' என்று வீட்டார் முடிவுகட்டிய நாய்களின் கணக்கு இது. அவற்றில் பலவற்றுக்கு வேண்டியிருந்தது மருந்து.

வலி என்றால் நாய் கத்தும், நொண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான நாய்கள் வலியை வெளியே காட்டுவதில்லை. மாடிப்படி ஏறத் தயங்கும், காரில் தாவி ஏறுவதை நிறுத்திவிடும், உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். வீட்டார் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் பேரன் ஆசையாக இடுப்பைக் கட்டிக்கொள்கிறான், நாய் திரும்பிக் கடிக்கிறது. பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012இல், வலியால் கடித்த 12 நாய்களைப் பற்றி எழுதினார்கள். எட்டு நாய்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு இருந்தது. அதுவரை கடித்தறியாத நாய்கள் வலி வந்த பிறகு கடித்தபோது, பெரும்பாலும் தொடும்போதும் தூக்கும்போதும் கடித்தன. உறுமி எச்சரிக்காமல், சட்டென்று கடித்தன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் ஆகிய மூன்றிலும் இந்த இடுப்புக் கோளாறு சகஜம். ஃப்ளாட்டில் வழுக்கும் டைல்ஸ் தரையில், நடையே இல்லாமல், பிஸ்கட்டும் சோறுமாகத் தின்று பெருத்த லாப்ரடாரின் இடுப்பு என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, காது. தொங்கும் காதுள்ள நாய்களுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுக்குள் ஈரம் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்துவிடும். நாய் தலையை அடிக்கடி உதறும். பின்னங்காலால் காதைச் சொறியும். மடலைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் சிவந்து, வீங்கி, பழுப்பு நிற அழுக்கோடு புளித்த மாவு வாடை அடிக்கும். அந்தக் காதைக் குழந்தை பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அதற்குப் பெயர் மூர்க்கம் என்றால், பல்வலியோடு இருப்பவர் கன்னத்தைத் தட்டியவரின் கையைத் தள்ளிவிடுவதும் மூர்க்கம்தான்.

சொத்தை விழுந்து வேர் வெளியே தெரியும் பல், முதுகெலும்புத் தட்டு விலகல், உண்ணிக் காய்ச்சலால் வரும் மூட்டுவலி என்று பட்டியல் நீளும். பார்வை மங்கிய நாய், பக்கவாட்டிலிருந்து திடீரென்று வரும் கையைக் கடிக்கும். செவித்திறன் இழந்த நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். நம் ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அதை அறியாமல் 'கூப்பிட்டால் வராத திமிர் பிடித்த நாய்' என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கைதட்டினால் திரும்புகிறதா என்று அதன் பார்வையில் படாமல் நின்று சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மூளை சார்ந்த காரணங்களும் உண்டு. வலிப்பு நோய் உள்ள சில நாய்கள் வலிப்புக்கு முன்னும் பின்னும் ஆள் அடையாளம் தெரியாமல் சீறும். வயதான நாய்க்கு மறதி நோய் வரும். இரவும் பகலும் குழம்பி, மூலையில் போய் நின்றுகொண்டு, வளர்த்தவரையே பார்த்துக் குரைக்கும். மூளைக் கட்டி அரிது, ஆனால் வயதான காலத்தில் ஒரு நாயின் குணம் தலைகீழாக மாறினால் மருத்துவர் அதையும் யோசிப்பார். தைராய்டு சுரப்புக் குறைவால் சில நாய்கள் மூர்க்கமானதாகப் பதிவுகள் உள்ளன. ஆனால் பழியை எல்லாம் தைராய்டு மீது போட்டுவிட ஆதாரம் போதாது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வருவதே முறை.

ரேபிஸ் தனி. தடுப்பூசி போடாத நாய் திடீரென்று காரணமின்றிக் கடிக்கிறது, எச்சில் வழிகிறது, குரல் மாறுகிறது, விழுங்கத் திணறுகிறது என்றால் அதன் வாய்க்குள் கைவிட்டு எலும்பு சிக்கியிருக்கிறதா என்று தேடக் கூடாது. அறையில் அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தீபாவளியோடு சம்பந்தப்பட்ட ஒரு தகவலும் வலியின் கணக்கில் சேர்கிறது. லிங்கன் பல்கலைக்கழகமும் பிரேசில் மருத்துவர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டார்கள். தசையிலோ மூட்டிலோ வலி இருந்த நாய்களுக்கு, மற்றவற்றைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகள் பிந்தித்தான் அந்தப் பயம் தொடங்கியிருந்தது. வெடிச் சத்தத்தில் அதிரும் உடல், வலிக்கும் இடத்தை மேலும் வலிக்கவைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இத்தனை வருடம் பட்டாசைப் பொருட்படுத்தாத நாய் ஆறேழு வயதில் புதிதாக நடுங்கத் தொடங்கினால், அதன் மூட்டுகளையும் பரிசோதிப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலி என்று தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து விடாதீர்கள். மனிதர்களுக்கான ப்ரூஃபென் மாத்திரை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கான வலி மருந்து வேறு, அளவும் வேறு.

கேட்டுக்குப் பின்னால்

உடலில் குறையே இல்லாமலும் நாய் கடிக்கும். அதற்கான விதை பெரும்பாலும் அதன் முதல் மூன்று மாதங்களில் விழுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் படித்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை, உலகத்தில் எவையெல்லாம் பயப்பட வேண்டாதவை என்று அது மனதில் பதித்துக்கொள்கிறது. மனிதக் கை, குழந்தையின் அழுகை, குக்கர் விசில், ஆட்டோ ஹாரன் எல்லாம் அந்தக் காலத்தில் அறிமுகமாக வேண்டும். அதே ஆய்வகத்தில் பதினான்கு வாரம் வரை மனிதர் கண்ணிலேயே படாமல் வளர்த்த குட்டிகள், பிறகு காட்டு விலங்குகளைப் போல மனிதரிடமிருந்து ஒதுங்கின.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். கூண்டில் பிறந்து, ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, அட்டைப் பெட்டியில் பேருந்தில் பயணம் செய்து குட்டி வீட்டுக்கு வருகிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. எத்தனை பேர் மதிக்கிறார்கள்? வந்த வீட்டில் ஆறு மாதம் பொம்மை. வளர்ந்து, பல் முளைத்து, செருப்பைக் கடித்ததும் கேட்டுக்குப் பின்னால் இரண்டடிச் சங்கிலி. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. தெருவில் போகும் ஒவ்வொரு மனிதரையும், தபால்காரரையும், பக்கத்து நாயையும் பார்த்து அது குரைக்கிறது. அவர்கள் கடந்து போகிறார்கள். தான் குரைத்ததால்தான் போனார்கள் என்று அது ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறது. சங்கிலி அறுந்த நாளில் என்ன நடக்கும் என்பதற்கு அத்தனை நாளும் ஒத்திகை.

கட்டிப்போட்டே வளர்ப்பது வெறும் பழக்கக் கோளாறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சட்டத் தகவல். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிவைத்தோ அடைத்துவைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் அதே பிரிவில் வருகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் சட்டம்.

உறுமலை அடக்கினால்

கடிக்கும் நாய்க்கு நாம் அறிந்த வைத்தியம் அடி. 'நீதான் தலைவன் என்று அதற்குக் காட்டு' என்பது சில ட்ரெயினர்களின் மந்திரம். தரையில் மல்லாத்தி அழுத்து, முறைத்துப் பார், தாடையைப் பிடித்து உலுக்கு என்பார்கள். இந்தத் தலைவன் கதைக்கு அடிப்படை, 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. 1970இல் தன் நூலில் அந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே, காட்டில் ஓநாய்களை நேரில் கவனித்த பிறகு 1999இல் அது தவறு என்று எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம். அதில் சண்டையிட்டுப் பதவி பிடிக்கும் தலைவன் இல்லை. அவர் திருத்திக்கொண்டார், ட்ரெயினர்கள் திருத்திக்கொள்ளவில்லை.

அடித்தால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009இல், நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம் விசாரித்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரை நாய் திரும்பித் தாக்கியிருந்தது. மல்லாத்தி அழுத்தியவர்களில் 31 சதவீதம். முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம். வலியால் கடிக்கும் நாய்க்கு மேலும் வலி கொடுப்பதும், பயத்தால் கடிக்கும் நாயை மேலும் பயமுறுத்துவதும் வேறு எப்படி முடியும்?

இதைவிடப் பெரிய ஆபத்து, அடிக்குப் பயந்து நாய் உறுமுவதை நிறுத்திவிடுவது. நாய் தரும் எச்சரிக்கைகளை பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் ஏணிப்படிகளாக வரைந்து காட்டினார். அடியில் இருப்பவை மிகச் சின்ன அறிகுறிகள். சோபாவில் படுத்திருக்கும் நாயை நோக்கித் தவழும் குழந்தை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாய் கண்ணைச் சிமிட்டுகிறது, தூக்கமே வராதபோது கொட்டாவி விடுகிறது, மூக்கை நக்குகிறது. குழந்தை இன்னும் நெருங்குகிறது. நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது, ஆனால் கண் மட்டும் குழந்தை மேலேயே இருக்க, விழியின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. முடிந்தால் எழுந்து போகும். போக வழியில்லாவிட்டால் உடல் விறைக்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, பிறகு அடித்தொண்டையில் உறுமல். அதற்கும் யாரும் காது கொடுக்காவிட்டால் காற்றில் ஒரு வெட்டு. கடைசிப் படியில்தான் கடி.

உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் அந்தப் படியை விட்டுவிடுகிறது. பயமோ வலியோ அப்படியே இருக்கும், அறிவிப்பு மட்டும் போய்விடும். 'ஒரு சத்தமும் போடாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் பல கடிகளுக்குப் பின்னால் இப்படி அடக்கப்பட்ட உறுமல் இருக்கிறது. உறுமும் நாயைத் திட்ட வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள், எதற்காக உறுமியது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டது, இனி என்ன?

முதலில் மனிதர் பாதுகாப்பு. காரணம் வலியாகவே இருந்தாலும் கடிபட்டவருக்கு வலி குறைந்துவிடாது. கடித்த நாளிலிருந்து மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை, நாயும் குழந்தைகளும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. 'நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன்' என்பது போதாது, கடி ஒரு நொடியில் முடிந்துவிடும். இடையில் கதவோ கம்பித் தடுப்போ இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிச் சண்டை வருகிறதென்றால், தனி அறையில் வைத்துச் சாப்பாடு போட்டுக் கதவைச் சாத்துங்கள். தின்னும்போது தட்டில் கைவிட்டுப் 'பழக்கும்' வேலை வேண்டாம்.

வாய்மூடி வாங்கும்போது கவனம் தேவை. வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடி, மருத்துவமனையில் சில நிமிடங்களுக்கு மட்டும் ஏற்றது. நாய் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான். அதைக் கட்டிவிட்டு மே மாத வெயிலில் நடக்க வைத்தால் உயிருக்கே ஆபத்து. கூடை போன்ற அமைப்புள்ள மூடியில் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க மட்டும் முடியாது. உள்ளே கொஞ்சம் சிக்கனை வைத்து அதுவாகவே மூக்கை நுழைக்கவிட்டு, சில நாட்களில் மெல்லப் பழக்கினால் சண்டையின்றிப் போட்டுக்கொள்ளும்.

அடுத்த படி, கால்நடை மருத்துவர். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி தெரியும். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மாவட்டங்களில் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. 'நாய் கடிக்கும்' என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கொடுக்க, பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தரக்கூடும். வீட்டில் அது நடப்பதை, உட்காருவதை, படி ஏறுவதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவது பெரிய உதவி. மருத்துவமனை மேஜை மேல் பயத்தில் விறைத்து நிற்கும் நாய் நொண்டாது, வீட்டு வீடியோவில்தான் உண்மை தெரியும். எப்போது, யாரை, எங்கே, என்ன செய்தபோது கடித்தது என்பதையும் எழுதி எடுத்துப்போங்கள். காது, வாய், கண், முதுகு, மூட்டு, ரத்தம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே என்று மருத்துவர் முறையாகப் பார்ப்பார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஊசி போட்டு அனுப்பினால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கடியின் ஆழமும் ஒரு தகவல். நடத்தை நிபுணர் இயன் டன்பார் கடிகளை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். முதல் நிலையில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டாவதில் பட்டும் துளைக்காது. மூன்றாவதில் துளைக்கும், ஆனால் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாது. நான்காவதில் அதைவிட ஆழமாகப் பாயும். ஐந்தாவது, பலமுறை ஆழமாகக் கடிப்பது. ஆறாவது மரணம். முதலிரண்டு நிலை நாய்கள் பெரும்பாலும் தேறிவிடும் என்பார் அவர். நான்காம் நிலையையோ அதற்கு மேலோ எட்டியவற்றைக் குடும்பத்தில் வைத்திருப்பதே ஆபத்து.

வலி தீர்ந்தும் பயம் தொடர்ந்தால் மன அமைதிக்கான மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கு மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் ஃப்ளூவாக்செட்டினை, பிரிவுப் பதற்றமுள்ள நாய்களுக்குக் கொடுக்க 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது மயக்கி வைக்கும் மருந்தல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், கூடவே பயிற்சியும் வேண்டும். பயிற்சி என்றால், எதைப் பார்த்துப் பயப்படுகிறதோ அதை எட்டத்தில் காட்டி, நல்ல தின்பண்டம் கொடுத்து, நாட்கணக்கில் மெல்ல நெருங்கவைப்பது. மின்சாரக் கழுத்துப்பட்டை, முள் சங்கிலியோடு வரும் ட்ரெயினரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்லா முயற்சியும் பலிக்காதபோது

எவ்வளவு வசதி இருந்தாலும் சில நாய்களைச் சூழலோடு பொருத்த முடிவதில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் ஜெர்மன் ஷெப்பர்ட் 'கமாண்டர்' குட்டியாக 2021 டிசம்பரில் வெள்ளை மாளிகைக்கு வந்தது. 2022 அக்டோபரிலிருந்து 2023 ஜூலைக்குள், பாதுகாப்புப் பிரிவினரை அது கடித்த சம்பவங்கள் குறைந்தது 24 என்று பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின. ஒரு கடியால் தரையில் கொட்டிய ரத்தத்தைத் துடைப்பதற்காகப் பார்வையாளர்களின் வருகையையே சற்று நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. பயிற்சி, கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பிறகு 2023 இலையுதிர்காலத்தில் கமாண்டர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பிற்பாடு உறவினர் வீட்டுக்குப் போனது. அதற்கு முன்பு அவர்கள் வைத்திருந்த 'மேஜர்' என்ற நாயும் கடித்துத்தான் வெளியேறியது. புதிய முகங்கள் ஓயாமல் வந்துபோகும் அலுவலக மாளிகை இந்த இரண்டு நாய்களுக்கும் ஒத்துவரவில்லை. முதல் சில கடிகளிலேயே அந்த முடிவை எடுத்திருந்தால் பல ஊழியர்கள் தப்பியிருப்பார்கள்.

நம் வீடுகளிலும் இந்த முடிவு தேவைப்படலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இருக்க முடியாத நாய், குழந்தைகள் இல்லாத, நாய் வளர்த்துத் தேர்ந்த ஒருவரிடம் நன்றாக இருக்கக்கூடும். ஆனால் கடித்த வரலாற்றை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது பெரும் துரோகம். இரவோடு இரவாக ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவது, தெருவில் போகும் அப்பாவிகள் மீது அந்த நாயை ஏவுவதற்குச் சமம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது மிருகவதைச் சட்டப்படி குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மருந்து, பயிற்சி, இடமாற்றம் எதுவும் பலிக்காமல், ஆழக் கடிக்கும் நாய்க்கு, தீராத வலியோடு வாழும் நாய்க்கு, மருத்துவரோடு பேசி வலியின்றி விடைகொடுப்பதும் ஒரு பொறுப்பான முடிவே. அப்படி முடிவெடுத்த குடும்பங்களைக் கொலைகாரர்கள் என்று ஏசுபவர்கள், அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கடிபட்டவருக்கு

சென்னையில் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன. அதில் நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி. ரேபிஸால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர். வளர்த்த நாய்தானே என்ற அலட்சியம் வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தோல் வழியே போடும் முறையில் முதல் ஊசி, பிறகு அந்த நாளிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்து என நான்கு தவணை. ரத்தம் வரும் காயமானால் காயத்தைச் சுற்றி ரேபிஸ் எதிர்ப்புப் புரதமும் செலுத்துவார்கள். கடித்த நாயைக் கொல்லாமல், கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருக்காது. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் மாநகராட்சி உரிமமும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசியும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நாய் சமீபத்தில் உறுமத் தொடங்கியிருந்தால், அது யாரையும் கடிப்பதற்கு முன், இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது, அது வீட்டில் நடப்பதையும் படி ஏறுவதையும் பிடித்த வீடியோவை எடுத்துச்செல்ல மறக்காதீர்கள்.